பெச்சுவானா நாட்டுக் காமா மன்னர்

ஐரோப்பிய வல்லரசுகள் ஏனைக் கண்டங்களைத் தம் ஆணைக்கு உட்படுத்திய வரலாற்றை நாம் பெரும்பாலும் வென்றோர் பெயர்களைக் கொண்டே கற்று வருகின்றோம். கிளைவ், ரோட்ஸ், லியோபோல்டு என்னும் பெயர்கள் மாணவர் நாவில் எளிதில் வருகின்றன. அவர்கள் எதிரே நின்றோர் யாவர், அன்னார் யாது கருதினர், யாது செய்தனர் என வினவின், விடை பகர்வோர் மிகச் சிலரே. போரிட்டு மடிந்தோருள் ஒரு சிலரையேனும் உலகம் நினைவிற் கொண்டிருக்கின்றது. போரிட்டால் அழிவு திண்ணம், பணிந்தால் இழிவு திண்ணம் என உணர்ந்து, இவ்விரண்டிற்கும் நடுவே தம் மக்களுக்கு ஒரு வழி தேடினோரை அது மறந்துவிடுகின்றது. அங்ஙனம் வழி தேடினோருள் முன்னிற்கத்தக்கவர் காமா மன்னர். தென்னாப்பிரிக்காவிலுள்ள பெச்சுவானா நாட்டின் பெரும்பகுதியொன்றை அவர் ஏறக்குறைய 50 ஆண்டுகள் ஆண்டார்.

இவர் சரிதம் மிஷன் கல்லூரியிற் பயிலும் நமக்குத் தனியாக ஒரு பயன் தருவது. 1795-இல் தோன்றிய லண்டன் மிஷன் சங்கம் நம் நாட்டில் நாகர்கோவில், நெய்யூர், சேலம், கோயம்புத்தூர் முதலிய ஊர்களிற் பள்ளிகளும் மருத்துவமனைகளும் கோயில்களும் நிறுவியதை யாவரும் அறிவர். அச்சங்கத்தாரே காமாவின் நாட்டிலும் ஊழியம் புரிந்தனர். சுவிசேஷமும் பீரங்கியும் ஒரே கப்பலில் வந்திறங்கின என்னும் குற்றச்சாட்டு ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் பன்முறை எழுந்துளது. அதனைப் பொய்யென்று தள்ளவும் இயலாது. முழு மெய்யென்று கொள்ளவும் இயலாது. அவ்விரண்டையும் வேறு பிரித்து அறிந்து, ஒன்றை ஏற்று மற்றொன்றைத் தடுக்க முயன்ற ஓர் அரசரின் வாழ்க்கையே ஈண்டுக் கூறப்படுகின்றது.

பிறப்பும் இளமையும்

பெச்சுவானா மக்கள் பல குலத்தினர். கலஹாரி என்னும் பெரும்பாலையின் கீழ்த்திசை ஓரத்தில், நீர்வளம் குறைந்த புல்வெளிகளில் அவர்கள் வாழ்ந்தனர். மாடு என்னும் சொல்லுக்குச் செல்வம் என்றும் பொருள் கொண்ட தமிழருக்கு அவர்தம் வாழ்க்கை அறிதற்கு அரிதன்று. அவர்களுக்கும் ஆநிரையே செல்வம். மழையைக் குறிக்கும் பூலா என்னும் சொல்லையே அவர்கள் வாழ்த்துச் சொல்லாகவும் வழங்கினர். ஒவ்வொரு குலத்திற்கும் அரசர் ஒருவர் உண்டு. அவர் முடிவு செய்யுமுன் ஊர் ஆடவர் கூடிய மன்றில் அமர்ந்து முதியோர் சொற்கேட்டல் மரபாகும்.

இக்குலங்களுள் ஒன்றாகிய பாமங்வாத்தோ குலத்தின் அரசர் செக்கோமா என்பவர். அவர் மூத்த மகனாகக் காமா 1837-ஆம் ஆண்டளவிற் பிறந்தார். ஷோஷோங் என்னும் மலையடிவாரத்து ஊரே அக்காலத்தில் அவர்கள் தலைநகர். அவ்வூர் வழியாகவே யானைத் தந்தமும் தீக்கோழி இறகும் தெற்கே சென்றன. துணியும் துப்பாக்கியும் வடக்கே வந்தன. ஆகவே வெளியுலகத்தாரின் வருகையைக் காமா சிறுவயது முதலே கண்டு வளர்ந்தார்.

1860-ஆம் ஆண்டில் ஷூலன்பர்க் என்னும் ஜெர்மானிய லூத்தரன் மிஷனெரியிடம் காமா ஞானஸ்நானம் பெற்றார். தம்பி காமானேயும் உடன் பெற்றார். 1862-இல் லண்டன் மிஷன் சங்கத்தைச் சார்ந்த ஜான் மெக்கன்ஸி ஷோஷோங்கிற்கு வந்து சேர்ந்தார். அவ்வாண்டிலேயே காமாவின் திருமணமும் நிறைவேறியது. அடுத்த ஆண்டில் வடக்கேயிருந்த மத்தபேலே என்னும் போர்க்குலத்தார் படையெடுத்து வந்தபோது இளவரசர் முன்னின்று பொருது அவர்களைத் திருப்பினார். புதுச்சமயம் மேற்கொண்டோன் வீரம் குன்றுவான் என்று எள்ளியிருந்தோர் அன்று வாயடைத்தனர்.

ஆயினும் அதனினும் கடியதொரு போர் வீட்டிற்குள்ளேயே மூண்டது. குலவழக்கப்படி இளைஞர்க்குச் செய்யும் சடங்கில் தம் மகன் முன்னிற்றல் வேண்டும் என்றும், தாம் உறுதிசெய்துள்ள பெண்ணை இரண்டாம் மனைவியாக மணத்தல் வேண்டும் என்றும் செக்கோமா கட்டளையிட்டார். காமா இரண்டையும் மறுத்தார். 1866-இல் பிணக்கு முற்றித் தந்தையின் ஆட்கள் மக்களை ஊரைச் சூழ்ந்த குன்றுகளுக்கு விரட்டினர். அதன்பின் சிற்றப்பன் முறையினரான மாச்செங் என்பவரும் அரசுரிமை கோரிவரவே, நாடு பல ஆண்டுகள் அலைக்கழிந்தது. 1872-இல் மாச்செங்கைத் துரத்தி மக்கள் காமாவை அரசராக்கினர். மறு ஆண்டிலேயே தந்தையை அழைத்து வந்து அரியணையிற் சேர்த்துத் தாம் ஒதுங்கினார். அவ்வேற்பாடும் நிலைக்கவில்லை. 1875-இல் படைவலியாலேயே மீண்டும் அரசுரிமை எய்தினார். தந்தையை எதிர்த்த தனயன் என்னும் வசை அவரைத் தொடர்ந்தது உண்மையே. ஆயின் வென்ற பின்னர்த் தந்தையின் உயிருக்கு அவர் தீங்கிழைக்கவில்லை.

மதுவை விலக்கிய மன்னர்

அரசரானபின் காமா இயற்றிய சட்டங்களுள் மதுவிலக்கே தலையாயது. ஐரோப்பிய வியாபாரிகள் வண்டி வண்டியாய்க் கொணர்ந்த பிராந்தியை முதலில் தடுத்தார். கட்டளையை மீறிய வெள்ளையரைத் தோல் நிறம் பாராது நாட்டினின்றும் வெளியேற்றினார். பின்னர்த் தம் மக்கள் தானியத்தினின்று காய்ச்சிய நாட்டு மதுவையும் விலக்கினார். இதனால் மக்கள் மனக்கசப்பிற்கும் ஆளானார். பிறர் கொணரும் மதுவைத் தடுத்துத் தம்மவர் காய்ச்சும் மதுவைத் தொடரவிடுதல் நேர்மையன்று என்பது அவர் துணிபு.

இம்மதுவிலக்கை வெறும் ஒழுக்க விதியாக மட்டும் கருதலாகாது. தென்னாப்பிரிக்காவில் பல குலத்தலைவர்கள் போதையிலிருந்த வேளையில், தாம் பொருளறியாத கடிதங்களிற் குறியிட்டு நிலத்தை இழந்தனர். கடன்பட்ட குடிகள் மாட்டை இழந்தனர். மாட்டை இழந்தோர் சுரங்கக் கூலிகளாயினர். குடியால் முதலிற் குலையும் மதி. மதி குலைந்தபின் நிலம் நில்லாது. ஆதலின் அவர் மதுவைத் தடுத்தமை நாட்டின் வாயிற்கதவைத் தாழிட்டமை போலாம். பாமங்வாத்தோ வழக்கில் நிலம் குலமுழுமைக்கும் உரியது. அதனை விற்க அரசருக்கும் உரிமையில்லை. இம்மரபைக் காமா விடாது பற்றிநின்றார்.

சூழ்ந்த ஆபத்து

காமா பட்டமெய்திய காலத்தில் ஆப்பிரிக்காவின் பெரும்பகுதி ஆப்பிரிக்கர் கையிலேயே இருந்தது. அவர் முதுமை எய்துமுன் அக்கண்டத்தில் எதியோப்பியாவும் லைபீரியாவும் ஒழிய ஏறக்குறைய எல்லா நாடும் ஐரோப்பியர் வசமாயின. இவ்வளவு விரைவில் இத்துணைப் பெரிய மாற்றம் நேர்ந்ததன் காரணம் யாது? ஒன்றன்று, பல காரணங்கள் உள. அவை யாவும் காமாவின் வாயிலிலேயே ஒருங்கு வந்து நின்றன.

முதலாவது, மண்ணுக்குள் கிடந்த செல்வம். 1867-இல் ஆரஞ்சு ஆற்றருகே வைரம் கண்டெடுக்கப்பட்டது. சில ஆண்டுகளுக்குள் கிம்பர்லி நகரம் எழுந்தது. 1886-இல் டிரான்ஸ்வாலில் தங்கவயல் தோன்றியது. வடக்கேயும் அத்தகைய தங்கம் இருத்தல் வேண்டும் என்னும் பேராசை பரவியது. இரண்டாவது, நிலம் நாடிய குடியேற்றம். டச்சு வழியினரான போயர்கள் மேய்ச்சல் நிலமும் நீரும் தேடி மேற்கு நோக்கி நகர்ந்தவண்ணமிருந்தனர். மூன்றாவது, வல்லரசுகளுக்கிடையே பொறாமை. 1884-இல் ஜெர்மனி தென்மேற்குக் கரையைத் தன்னதாக அறிவித்தது. அதே ஆண்டு நவம்பர் முதல் 1885 பிப்ரவரி வரை பெர்லின் நகரில் வல்லரசுகள் கூடி ஆப்பிரிக்காவைப் பற்றிய விதிகளை வகுத்தன. அம்மகாநாட்டில் ஆப்பிரிக்க அரசர் ஒருவருக்கும் இடமில்லை. வீட்டுக்காரனை வெளியே நிறுத்தி வீட்டைப் பங்கிட்டாற்போன்றது அச்செயல். நான்காவது, தொழில்நுட்பத்தால் வந்த வலிமை. கொயினா மருந்து காய்ச்சலைத் தணித்தது. நீராவிக் கப்பலும் ரயிலும் தூரத்தைச் சுருக்கின. மேக்ஸிம் என்னும் இயந்திரத் துப்பாக்கி ஈட்டியேந்திய படையைச் சில நாழிகையில் வீழ்த்தியது. ஐந்தாவது, இவையனைத்தையும் போர்த்து மறைத்த நாகரிகம் என்னும் போர்வை. பின்தங்கிய மக்களை முன்னேற்றவே வந்தோம் என்று பலர் கூறினர். சிலர் அதனை உண்மையாகவே நம்பியும் இருந்தனர்.

காமாவின் நாட்டிற்கு மேற்கே பாலை; கிழக்கே போயர் குடியரசு. வடக்கே தங்கம் தேடிச் செல்ல விரும்பிய ஆங்கிலேயருக்கு இடையிலிருந்த பெச்சுவானா நிலமே வழி. வழியில் வீடு கட்டியவன் வழிப்போக்கரைத் தவிர்த்தல் இயலாதன்றோ?

எரிகிற கொள்ளியில் நல்ல கொள்ளி

எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி என்பது நம் நாட்டுப் பழமொழி. எல்லாம் சுடும் என்பதே அதன் கருத்து. காமாவின் கண்முன் நான்கு கொள்ளிகள் இருந்தன. போயர்களின் குடியேற்றம் ஒன்று. அவர்கள் வந்த இடத்தில் நிலம் போயிற்று. பிரிட்டிஷ் முடியின் நேரான காலனி ஆட்சி இரண்டாவது. அதில் சட்டம் முழுதும் அந்நியர் கையது. பட்டயம் பெற்ற வியாபாரக் கும்பினியின் ஆட்சி மூன்றாவது. காப்புநாடு என்னும் ஏற்பாடு நான்காவது. அதில் வெளி விவகாரம் வல்லரசின் கையிலும், உள்நாட்டு ஆட்சி பெரும்பாலும் குல அரசரின் கையிலும் இருக்கும். ஏகாதிபத்தியம் ஒன்றே எனினும் அதன் வடிவங்கள் பல என்பதையும், வடிவத்திற்கேற்பக் குடிகளின் கதி வேறுபடும் என்பதையும் காமா தெளிவாக அறிந்திருந்தார். அவர் அரசியல் அறிவின் சாரம் இதுவே.

போயர்களுக்கஞ்சி அவர் 1876-இலேயே பிரிட்டிஷ் ஹை கமிஷனருக்கு விண்ணப்பம் அனுப்பினார். அப்போது அது பயன்படவில்லை. ஜெர்மானியர் மேற்கே வந்த பின்னரே லண்டன் விழித்தது. மெக்கன்ஸி பாதிரியாரும் பெச்சுவானா மக்களைப் போயரிடமிருந்து காக்கவேண்டுமென்று இங்கிலாந்தில் வாதாடினார். 1885-இல் ஸர் சார்லஸ் வாரன் ஏறக்குறைய 4,000 வீரருடன் வந்து அந்நாட்டைக் காப்புநாடாக அறிவித்தார். காமா அதனை ஏற்றார். தம் சட்டங்கள், சிறப்பாக மதுவிலக்கு, மாறாதிருத்தல் வேண்டும் என்று நிபந்தனை விதித்தார். ஆங்கிலக் குடியேறிகளுக்கென எல்லையோரத்தில் நிலம் தரவும் முன்வந்தார். துரைத்தனத்தார் அதனை ஏற்கவில்லை. காப்புநாட்டின் எல்லையாகத் தென் அட்சரேகை 22 பாகையை அவர்கள் குறித்தனர். அக்கோடு காமாவின் நாட்டை இரண்டாய் அறுத்துச் சென்றது. மாடு மேயும் நிலத்தையும் மக்கள் வாழும் ஊரையும் கேளாது காகிதத்தில் கோடிழுத்தல் அக்காலத்து வழக்கமாயிருந்தது. அக்கோட்டைக் காமா அப்போதே மறுத்துரைத்தார்.

அக்காலத்தில் வடக்கே மத்தபேலே நாட்டை ஆண்டவர் லோபெங்குலா. 1888 அக்டோபரில் செசில் ரோட்ஸின் ஆட்கள் அவரிடம் சுரங்க உரிமை பெற்றனர். மாதம் 100 பவுன், 1,000 துப்பாக்கிகள், சாம்பெஸி ஆற்றில் ஒரு படகு என்பன அதற்கு விலை. பத்துப் பேருக்கு மேல் வாரார் என்று வாயால் கூறிய வாக்கு எழுத்தில் ஏறவில்லை. அப்பேச்சை மொழிபெயர்த்தவர் லண்டன் மிஷன் சங்கத்து மிஷனெரியாகிய ஹெல்ம் என்பதையும் நாம் மறைத்தல் முறையன்று. 1889-இல் அவ்வுரிமையைக் காட்டி ரோட்ஸின் பிரிட்டிஷ் தென்னாப்பிரிக்கக் கும்பினி அரசாங்கப் பட்டயம் பெற்றது. கும்பினி என்னும் சொல்லின் பொருளைத் தமிழருக்கு விளக்க வேண்டுவதில்லை. 1600-இல் பட்டயம் பெற்று மிளகு வாங்க வந்த கிழக்கிந்தியக் கும்பினி 1858 வரை நம் நாட்டை ஆண்டதன்றோ? அப்பழைய முறையே ஆப்பிரிக்காவில் புதுப்பெயருடன் மீண்டது. 1893-இல் கும்பினிப்படை மேக்ஸிம் துப்பாக்கியுடன் மத்தபேலே நாட்டுள் நுழைந்தது. புலவாயோ நகரம் தீக்கிரையாயிற்று. லோபெங்குலா ஓடி மறைந்து மாண்டார். அவர் நாடு ரோட்ஸின் பெயரால் ரொடீஷியா எனப்பட்டது.

இதில் காமாவின் பங்கு புகழ்தற்குரியதன்று. 1890-இல் கும்பினியின் குடியேற்றப்படை தம் நாட்டு வழியே சென்றபோது பாதை வெட்ட ஆளுதவினார். 1893-இல் பழம்பகைவராகிய மத்தபேலேயரை எதிர்த்துத் தம் வீரரையும் அனுப்பினார். படையில் அம்மை நோய் கண்டதும், உழவுக்காலம் நெருங்கியதும் அவர்களைத் திருப்பி அழைத்துக்கொண்டார். ரோட்ஸ் அதற்காகச் சினந்தார். அயலான் வீடு எரிந்தபோது உதவாதவன் தன் கூரையைப் பற்றிக் கவலையுறல் வேண்டும் என்னும் பாடத்தைக் காமா இரண்டே ஆண்டுகளிற் கற்றார்.

கடல் கடந்த மூன்று அரசர்

1895-இல் பெச்சுவானா காப்புநாட்டையும் ரோட்ஸின் கும்பினிக்கு ஒப்படைக்க லண்டன் துரைத்தனம் எண்ணியது. செலவு குறையும், ரயில் வடக்கே செல்லும், கும்பினியார் மகிழ்வர். அந்நாட்டு மக்களின் கருத்தைக் கேட்டறிய எவரும் எண்ணவில்லை. அப்போது காமா, குவேனா குலத்து அரசர் செபெலே, ங்வாக்கெட்ஸே குலத்து அரசர் பத்தோயென் ஆகிய மூவரும் ஒன்றுகூடி ஓர் அரிய முடிவு செய்தனர். இடைநின்ற அதிகாரிகளைக் கடந்து, இங்கிலாந்து தேசத்து மக்களிடமே நேரிற் சென்று முறையிடுவது என்பதே அம்முடிவு. லண்டன் மிஷன் சங்கத்து வில்லோபி பாதிரியார் மொழிபெயர்ப்பாளராக உடன் சென்றார்.

செப்டம்பர் மாதத்தில் அவர்கள் இங்கிலாந்தில் இறங்கினர். காலனி மந்திரியாகிய ஜோஸப் சேம்பர்லேன் கும்பினியாருடனேயே பேசித் தீர்த்துக்கொள்ளுமாறு கூறிவிட்டு ஓய்விற்குச் சென்றார். மூவரும் மனந்தளரவில்லை. நகரந்தோறும் சென்றனர். ஆலயங்களிலும் மதுவிலக்குச் சங்கங்களிலும் வியாபார மண்டபங்களிலும் கூட்டங்கள் கூடின. கும்பினி வந்தால் நிலம் போகும், மது வரும் என்னும் இரண்டு செய்திகளையே அவர்கள் திரும்பத் திரும்ப உரைத்தனர். நிலத்தின் அருமையை உணராத ஆங்கிலேயரும் மதுவின் கேட்டை உணர்ந்திருந்தனர். தாம் அனுப்பிய மிஷனெரிமாரால் சமயமாறிய அரசர் ஒருவர், தம் நாட்டு வியாபாரிகள் கொணரும் மதுவினின்று தம் மக்களைக் காக்கும்படி தம்மையே வேண்டுவதைக் கண்டபோது பலர் நாணினர். சேம்பர்லேனுக்கு விண்ணப்பங்கள் வந்து குவிந்தன.

நவம்பர் 6-ஆம் நாள் தீர்ப்பு கிடைத்தது. மூன்று அரசரும் விக்டோரியா மகாராணியின் காப்பில் முன்போலவே தம் மக்களை ஆளலாம். வெள்ளையர் மது அவர்கள் நாட்டிற்குள் வருதல் கூடாது. மகாராணியின் அதிகாரி ஒருவர் அங்கு வதிவார். இவற்றிற்கு ஈடாக டிரான்ஸ்வால் எல்லையோரமாக ஒரு நீண்ட நிலத்துண்டை ரயிலுக்கென விட்டுக்கொடுத்தல் வேண்டும்; குடிகள் வரியும் செலுத்துதல் வேண்டும். அம்மாதம் 20-ஆம் நாள் வின்ட்ஸர் மாளிகையில் மகாராணியைக் கண்டு விடைபெற்றனர். ஆப்பிரிக்க அரசர் மூவரிடம் தோற்றோமே என்று ரோட்ஸ் கடுஞ்சினங் கொண்டார்.

அடுத்து நிகழ்ந்தது கும்பினியின் உட்கருத்தை உலகிற்குக் காட்டிற்று. ரயிலைக் காக்கவென்று காரணங்காட்டிப் பெற்ற எல்லைப்புறத்திலுள்ள பிட்ஸானி என்னுமிடத்திலிருந்து, டிசம்பர் 29-ஆம் நாள் ஜேம்ஸன் என்பவர் கும்பினிப் படையுடன் டிரான்ஸ்வால் குடியரசின்மேல் திடீரெனப் பாய்ந்தார். 1896 ஜனவரி 2-ஆம் நாள் படை முழுவதும் சிறைப்பட்டது. ரோட்ஸ் கேப் காலனியின் பிரதம மந்திரிப் பதவியைத் துறந்தார். காப்புநாட்டைக் கும்பினிக்கு ஒப்படைக்கும் பேச்சும் அத்துடன் ஒழிந்தது. காமாவின் வெற்றிக்கு அவர் முயற்சி பாதி, பகைவரின் அவசரம் பாதி என்று கூறின் தவறாகாது. ஆயினும் அம்மூவரும் கடல் கடந்து சென்று சில திங்கள் காலத்தை ஈட்டியிராவிடின், ஜேம்ஸன் தோற்குமுன்னரே அவர்கள் நாடு கைமாறியிருக்கும்.

காப்பின் விலை

நல்ல கொள்ளியும் சுடாமல் விடவில்லை. 1896-இல் மாடுகளைக் கொல்லும் பெருவாரி நோய் தென்னாப்பிரிக்கா முழுதும் பரவி ஆநிரையை அழித்தது. செல்வமிழந்த மக்கள்மேல் 1899-இல் குடிசை ஒன்றுக்கு 10 ஷில்லிங் வரி விதிக்கப்பட்டது. வரியைப் பணமாகவே செலுத்தல் வேண்டும். பணம் கிடைக்குமிடமோ கிம்பர்லியும் ஜோஹன்னஸ்பர்க்கும். ஆகவே இளைஞர் சுரங்கக் கூலிகளாய்ச் சென்றனர். ஊரில் ஏர் பிடிக்க ஆளில்லை. ஆளனுப்பிய வீடுகளில் நோயும் பிரிவுமே மிஞ்சின. வாளால் பிடிக்காத நாட்டையும் வரியால் பிணிக்கலாம் என்பதற்கு இது சான்று. காப்புநாட்டின் நிர்வாகம் அந்நாட்டிற்கு வெளியேயுள்ள மாபெகிங் நகரிலிருந்தே நடந்தது. ஒரு நாட்டின் தலைநகர் அந்நாட்டிலேயே இல்லாத விந்தை 1965 வரை நீடித்தது. பள்ளி, சாலை, மருத்துவமனை ஆகியவற்றிற்குச் செலவிட்டது மிகச் சொற்பம்.

காமாவின் முதுமைக்காலத்து நிகழ்ச்சியொன்று இந்த உண்மையை இன்னும் தெளிவாக்கும். ஐரோப்பிய வியாபாரிகள் வைத்ததே விலையாயிருந்ததைக் கண்டு அவர் 1910-இல் தம் முதலைக்கொண்டு ஒரு வியாபாரக் கூட்டுக்கடையை நடத்தலானார். கடை செழித்தது. போட்டியிட்ட ஐரோப்பிய வியாபாரிகள் முறையிட்டனர். அரசர் வியாபாரம் செய்தல் தகாது என்று துரைத்தனத்தார் விதித்து 1916-இல் அதனை மூடச் செய்தனர். வியாபாரம் கற்பிக்க வந்தோம் என்றவர்கள், கற்றவன் கடை வைத்தபோது கதவடைத்தனர். உள்நாட்டு ஆட்சி என்பது எவ்வளவு தூரம் செல்லும் என்பதை முதிய அரசர் அன்று கண்டார்.

எனினும் நிலம் நிலைத்தது. 1910-இல் வெள்ளையர் ஆளும் தென்னாப்பிரிக்க யூனியன் அமைந்தபோது, பெச்சுவானா நாட்டையும் அதனுடன் சேர்க்கும் ஏற்பாடு எழுந்தது. காமாவும் ஏனை அரசரும் அதனை உறுதியாய் மறுத்தனர். இணைப்பு ஒருநாளும் நிகழவில்லை. எல்லைக்கு அப்பால் ரொடீஷியாவில் 1896-97-இல் மத்தபேலேயரும் ஷோனா மக்களும் எழுப்பிய கிளர்ச்சி இரத்தத்தில் அடக்கப்பட்டது. 1930-இல் அங்கு நிலப்பங்கீட்டுச் சட்டம் இயற்றி, நாட்டின் ஏறத்தாழப் பாதி நிலத்தைச் சிறுதொகையினரான வெள்ளையருக்கு ஒதுக்கினர். அண்டை நாடுகள் இரண்டிற்கும் நேர்ந்த கதியின் வேற்றுமை இதுவே.

குணமும் குறையும்

காமா உயரமும் மெலிவும் வாய்ந்தவர், குறைவாகப் பேசுபவர். மிஷனெரிமாரை மதித்தாரெனினும் அவர்களுக்கு அடிமையாகவில்லை. பல்லாண்டு நண்பராயிருந்த ஹெப்பர்ன் பாதிரியார் ஆட்சியில் தலையிடுவதாகக் கருதியபோது அவரோடு மாறுபட்டார். பாதிரியார் நாட்டை விட்டு நீங்கினார். சமயம் ஆன்மாவிற்கு வழிகாட்டலாம், அரசை நடத்தலாகாது என்பது அவர் கொள்கை. நீர் வற்றியபோது 1889-இல் ஷோஷோங்கிலிருந்து பலாப்பியேக்கும், 1902-இல் அங்கிருந்து செரோவேக்கும் தலைநகரை மாற்றி மக்களைச் சிதறாமற் காத்தார்.

குறைகளும் இல்லாமலில்லை. எதிர்ப்பை அவர் பொறுத்தாரல்லர். மாறுபட்ட உறவினர் பலர் நாட்டை விட்டு வெளியேற நேர்ந்தது; சொந்த மகன் செக்கோமாவோடும் பல்லாண்டு பகைத்திருந்தார். பாமங்வாத்தோருக்குக் கீழ்ப்பட்டிருந்த பாலைநிலத்துச் சார்வா மக்களின் அடிமை வாழ்வு அவர் காலத்தில் முற்றும் ஒழியவில்லை. தமக்குமேல் ஒரு நுகத்தடி வைக்கலாகாதென்று உலகத்தின் முன் வாதிட்டவர், தம்மவர் பிறர்மேல் வைத்த நுகத்தை முழுதும் அகற்றவில்லை. இதனை நாம் கூறுவது அவரைத் தாழ்த்துதற்கன்று. அடக்கப்பட்டோர் தமக்குக் கீழுள்ளாரை மறத்தல் எந்நாட்டிலும் நிகழ்வதாதலின், நம்மையும் நாம் நோக்குதற்கே கூறுகின்றோம்.

1923 பிப்ரவரி 21-ஆம் நாள் செரோவே நகரில் காமா மன்னர் இறைவனடி சேர்ந்தார். அவருடைய பேரர் செரெத்ஸே காமா 1948-இல் ஆங்கிலப் பெண்மணி ஒருவரை மணந்ததால் பிரிட்டிஷ் துரைத்தனத்தாரால் நாடு கடத்தப்பட்டார். 1956-இல் திரும்பி வந்து, 1966-இல் அந்நாடு போட்ஸ்வானா என்னும் பெயருடன் விடுதலை பெற்றபோது முதற் குடியரசுத் தலைவரானார். அவ்விடுதலை போரின்றி வந்தது. ரொடீஷியாவோ நெடும்போருக்குப் பின் 1980-இலேயே விடுதலை கண்டது. விடுதலைக்கு அடுத்த ஆண்டில் போட்ஸ்வானாவின் ஒராப்பா என்னுமிடத்தில் பெரும் வைரச் சுரங்கம் கண்டறியப்பட்டது. 1895-இல் அந்நாடு கும்பினியின் கைக்குப் போயிருப்பின் அவ்வைரம் யார் பெட்டியிற் சேர்ந்திருக்கும் என்பதைப் படிப்போரே உய்த்துணர்வாராக.

ஏகாதிபத்தியத்தைக் காமா வெல்லவில்லை. வெல்லும் வலிமை அவரிடம் இல்லை. அதன் வடிவங்களை வேறுபடுத்தி அறிந்தார். கொடியதைத் தடுத்து, குறைந்த கொடுமையுள்ளதை ஏற்று, நிலத்தைத் தம் மக்கள் கையில் நிறுத்திச் சென்றார். ஐரோப்பியரிடமிருந்து வந்த சமயத்தை ஏற்று, அச்சமயத்தின் நீதியைக் கொண்டே அவர்களைக் கேள்வி கேட்டார். கல்வி நமக்கும் அயல்நாட்டாரின் கைவழியே ஒரு பகுதி வந்தது. வந்ததனைத்தையும் கொள்ளுதலும் வந்ததனைத்தையும் தள்ளுதலும் எளிய வழிகள். பகுத்தறிந்து கொள்வதே அரிது. அவ்வரிய செயலைக் கல்லூரி வாசல் மிதியாத ஓர் ஆப்பிரிக்க அரசர், உலகின் மிகப் பெரிய வல்லரசின் முன்னே நின்று செய்து காட்டினார்.